எண்ணாமல் ஒதுக்கிய பெட்டி

மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது என் மகள் ரூத் வாயைத் திறந்தாள், கேட்டுக்கொண்டிருந்த என் கையிலிருந்து கிளிப்புகள் எல்லாம் கீழே கொட்டின. போன வாரம் அங்கேதான் நிறுத்தினேன். அவள் சொன்னதை இப்போது சொல்லிவிடுகிறேன், இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது.

ரூத் கவர்மெண்ட் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஏப்ரல் மாதம் ஓட்டுப்பதிவன்று, ஊருக்கு அந்தப் பக்கத்துத் தொகுதியில் ஒரு பள்ளிக்கூடத்துச் சாவடிக்கு அவளைத் தலைமை அதிகாரியாகப் போட்டிருந்தார்கள். விடிகாலையில், ஜனங்கள் வருவதற்கு முன்னால், கட்சி ஏஜெண்டுகளை உட்கார வைத்து மாதிரிக்கு ஐம்பது ஓட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். காட்டிய பிறகு அந்த ஐம்பதையும் அழிக்க வேண்டும். அதற்கென்று ஒரு பட்டன் இருக்கிறது.

அதை அமுக்கப்போகிற நேரத்தில்தான், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆறடி ஏஜெண்டு ஒருவன் பெஞ்சோடு சேர்ந்து கீழே விழுந்தான். இவள் டீச்சர் அல்லவா, வகுப்பில் பிள்ளை விழுந்தால் ஓடுகிற மாதிரி ஓடினாள். முட்டியில் ரத்தம். தண்ணீர் விட்டுக் கழுவி, பஞ்சு வைத்து, பிளாஸ்திரி ஒட்டிவிட்டுத் திரும்பினால் வாசலில் கியூ நிற்கிறது. அவசரத்தில் மெஷினுக்கு சீல் வைத்துவிட்டாள். பட்டனை அமுக்கவில்லை.

சாயங்காலம் பார்த்தால், வந்து போட்டவர்களைவிட ஐம்பது ஓட்டு கூட இருந்தது.

அவளே மேலதிகாரியிடம் போய்ச் சொன்னாள். அந்த மனிதர் நெற்றியில் கை வைத்துக்கொண்டு சொன்னாராம்: "அந்தப் பெட்டியை ஒதுக்கி வைப்பாங்கம்மா. ஜெயிக்கிறவர் பெரிய வித்தியாசத்துல ஜெயிச்சா அதை யாரும் தொடமாட்டாங்க, உனக்கு ஒரு மெமோவோட போயிடும். வித்தியாசம் அந்தப் பெட்டியில இருக்கிற ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கீழ வந்துச்சுன்னா, மெஷின்ல விழுந்த சீட்டை எல்லாம் எடுத்து எண்ணணும். கட்சிக்காரங்க சண்டைக்கு வருவாங்க. உன் பேர் டிவியில வரும். வேலைக்கு நான் உத்தரவாதம் இல்லை."

ஆக, டெல்லியில் யார் உட்காரப்போகிறார் என்று நாடே ஆறு வாரமாக வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தது. என் மகள் காத்திருந்தது ஒரே ஒரு தொகுதியின் வித்தியாசத்துக்கு. கடைசி மூன்று நாள் நானும் கூடச் சேர்ந்துகொண்டேன்.

என் வீட்டுக்காரர் கஸ்பாருக்குச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அந்தத் தொகுதியில் நின்றவரே அவருடைய தலைவர்தான். கஸ்பார் ஹார்பரில் கிரேன் ஓட்டிய காலத்தில் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். ஒரு தடவை இவர் கை இரும்புக்கு நடுவில் மாட்டி நசுங்கியபோது, வண்டிக்குக் காத்திராமல் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவர். அந்த மனிதருக்காகக் கோடை முழுக்க இவர் அந்தத் தொகுதியில் தெருத்தெருவாக அலைந்தார். பீரோ மேல் இரண்டு சரவெடி வாங்கி வைத்திருந்தார்.

ஓட்டு எண்ணும் நாள் செவ்வாய்க்கிழமையாகப் போயிற்று. செவ்வாய் என்றால் எனக்கு அந்தோணியார் நாள். மீன்பிடித் தடைக்காலம் முடியவில்லை, காசிமேட்டில் விசைப்படகு எல்லாம் கட்டிக் கிடந்தது. மீன் விற்கிற எனக்கும் ஏலம் எடுக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. காலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டேன்.

தொலைந்துபோன பொருளைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோணியார். சாவி தொலைந்தாலும் அவர்தான், பிள்ளை தொலைந்தாலும் அவர்தான். அன்றைக்கு நான் அவரிடம் நேர் எதிராகக் கேட்டேன். "அந்தப் பெட்டி தொலைஞ்சது தொலைஞ்சதாவே இருக்கட்டும் சாமி. நீ தேடாதே" என்றேன்.

திரும்பி வந்தால் கஸ்பார் வெள்ளைச் சட்டை போட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து வீட்டு ஃபாத்திமாவும் வந்துவிட்டாள், அவள் வீட்டுக் கேபிள் நேரம் பார்த்துப் புடுங்கிக்கொண்டதாம். ரூத் அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சாம்பாருக்கு இரண்டு கை போதும். அவள் ஒரு முறம் நிறைய உரித்து வைத்திருந்தாள்.

டிவியில் டெல்லிக் கணக்கை ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் அடியில் ஓடுகிற வரியை மட்டும் பார்த்தேன். எங்கள் வரி வருவதற்குள் நாற்பது தொகுதி ஓடும்.

வந்தது. தலைவர் ஆறாயிரம் ஓட்டு முன்னிலை. நான் கை தட்டினேன்.

"பாத்தியா, என் பொண்டாட்டிக்கே இன்னா சந்தோசம் பாரு" என்று கஸ்பார் ஃபாத்திமாவிடம் பெருமைப்பட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து வரி மாறியது. அடுத்த கட்சிக்காரர் முன்னிலை, ஏழாயிரம். கை தானாகத் தட்டிவிட்டது.

"அப்பாடா" என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

கஸ்பார் மெதுவாகத் திரும்பினார். "இன்னாது அப்பாடா? தலைவரு பின்னாடி போய்கினு கீறாரு, உனுக்கு அப்பாடாவா?"

"முதுகு புடிச்சிகினு இருந்துச்சி. இப்ப வுட்டுச்சி."

"முதுகு வுட்டா கை தட்டுவியா? நீ எந்தக் கட்சிடி?"

"எவன் ஜெயிச்சாலும் நல்லா ஜெயிக்கணும்யா. அரையும் கொறையுமா ஜெயிக்கிறதுல இன்னா கெத்து கீது?"

"அக்கா சொல்றது நாயந்தான் அண்ணே" என்றாள் ஃபாத்திமா, ஒன்றும் தெரியாமல்.

ஏலத்தில் நிற்கும்போது எண் ஏற ஏற எனக்கு வயிறு எரியும். ஒரு கூடை சங்கரா மீனுக்கு எதிரே நிற்கிறவள் ஏற்றிக்கொண்டே போனால் அவளை அங்கேயே நாலு கேட்கலாம் போல இருக்கும். அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக, யார் பக்கமாவது ஏறட்டும், ஏறிக்கொண்டே இருக்கட்டும் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏறவில்லை. மத்தியானத்துக்கு மேல் இறங்க ஆரம்பித்தது. ஐயாயிரம், மூவாயிரம் என்று குறைந்து, இன்னும் சில சுற்றுகளே பாக்கி என்கிறபோது எண்ணூறில் வந்து நின்றது. தலைவர் எண்ணூறு ஓட்டு பின்னால். கஸ்பார் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிற்று.

அப்போதுதான் லியோனார்டு போன் செய்தார். கஸ்பாரின் ஹார்பர் தோஸ்து, ஓட்டு எண்ணுகிற காலேஜ் வாசலில் நிற்கிறவர். கிரேன் சத்தத்தில் காது மந்தமானதிலிருந்து கஸ்பாருக்கு எல்லா போனும் ஸ்பீக்கரில்தான்.

"கஸ்பாரு, ஒரு பெட்டிய எண்ணாம தனியா எடுத்து வெச்சிகிறாங்கடா. எவனோ ஆபீசரு காலைல போட்ட டம்மி ஓட்ட அழிக்காம வுட்டுட்டானாம். அது எந்தத் தெரு தெரியுமா? வெயில்ல ஒரு அம்மா மோர் குடுத்துச்சே, அந்தத் தெரு. முழுக்க நம்ம ஓட்டு. அத்த எண்ணச் சொல்லி கேட்டாண்ட குந்தப் போறோம். உன் தொண்டை வேணும். ஜல்தியா வா."

கஸ்பார் எழுந்தே விட்டார்.

"எந்தக் கழுதைடா அவன்? ஒரு பட்டன அமுக்கத் துப்பில்ல, அதுக்கு ஒரு சம்பளம். அவன் பேர கேட்டு வெய்யி லியோனார்டு. நாளைக்கு ஊர் பூரா போஸ்டர் அடிச்சு ஒட்டிடலாம். இந்தா, செருப்பு மாட்டிகினு கெளம்பிட்டேன்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கி கட் பண்ணினேன்.

"பேரு தான வேணும்? அந்தக் கழுதை அடுப்படில வெங்காயம் உரிச்சிகினு கீது. போய் நீயே கேளு."

ஃபாத்திமா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். "அடுப்புல பால் வெச்சிட்டு வந்தேன் அக்கா" என்று எழுந்து போய்விட்டாள். அவள் வீட்டில் காலையிலிருந்து கேஸ் இல்லை என்று என்னிடம்தான் சொல்லியிருந்தாள். நல்ல பெண்.

ரூத் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். வெங்காயம் உரித்த கையை நைட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நான்தான் நைனா" என்றாள்.

பெஞ்சு விழுந்ததிலிருந்து சொன்னாள். ஒன்றையும் குறைக்கவில்லை, யார் மேலும் போடவில்லை. கஸ்பார் ஒரு காலில் செருப்போடு நின்று கேட்டார். முடிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

"எத்தினி நாளா தெரியும் உனுக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"மூணு நாளா."

"மூணு நாளா இவ சாப்புடாத கெடக்கறா, நான் எதிர்லயே குந்திகினு தலைவரு தலைவருன்னு கத்திகினு இருந்துகிறேன்." போட்டிருந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "கழுதைன்னு வேற சொல்லிட்டேனே கண்ணு."

"சொன்னது சரிதான் நைனா."

போன் மறுபடி அடித்தது. லியோனார்டுதான். மூன்று பேரும் அதையே பார்த்தோம்.

ரூத்தான் எடுத்து அவரிடம் நீட்டினாள். "போங்க நைனா. எண்ணச் சொல்லிக் கேக்கறது நியாயம்தானே? அது அந்தத் தெருக்காரங்க ஓட்டு. உங்க தலைவர் உங்களைத் தூக்கிட்டு ஓடினவரு. எனக்காக நிக்காதீங்க."

பெற்ற வயிறு எரிந்தது எனக்கு. இவளை இவ்வளவு நியாயமாக யார் வளர்க்கச் சொன்னார்கள் என்று எங்கள் மேலேயே ஆத்திரம் வந்தது.

கஸ்பார் போனை வாங்கினார்.

"லியோனார்டு, நான் வர்லடா. எனுக்குத் தொண்டை கட்டிகிச்சு."

"டேய், நல்லாத்தானே பேசறே?"

"இப்பத்தான் கட்டிச்சு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பிறகு எழுந்து, டிவிக்கு மேலே மாட்டியிருந்த அந்தோணியார் படத்துக்கு முன்னால் போய் நின்றார். கஸ்பார் கோயிலுக்குப் போவது கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும்தான். அதிலும் பாதி நேரம் வெளியே டீக்கடையில். சாமியிடம் ரகசியமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரிப் பேசினார்.

"எவனா ஒருத்தன் பெருசா ஜெயிச்சிரட்டும் சாமி. தலைவரா இருந்தா எனுக்கு சந்தோசம்." படத்து மேலிருந்த தூசியை விரலால் துடைத்தார். "இல்லாங்காட்டியும் பரவால்ல."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தையைச் சொல்ல அவருக்கு என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த நாளாக அவர் அந்த மனிதருக்கு எதிராக ஒரு வார்த்தை பேசியதில்லை.

அப்புறம் நாங்கள் மூன்று பேரும் தரையில் வரிசையாக உட்கார்ந்தோம். வரி ஓடியது. விளம்பரம் போட்டார்கள். மறுபடி டெல்லி. ஒருவர் வரைபடத்தைக் காட்டி ஏதோ விளக்கினார், கஸ்பார் அவரை வாயை மூடச் சொன்னார். மறுபடி வரி ஓடியது. எண்ணூறு ஆயிரத்து இருநூறு ஆனது. ரூத் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். மீதியிருந்த சுற்றுகள் எல்லாம் தொகுதியின் அந்தக் கோடி வார்டுகளாம், அங்கே தலைவருக்கு ஆள்பலம் கிடையாது என்று கஸ்பாரே சொல்லியிருந்தார். மூவாயிரம். ஆறாயிரம். வெயில் சாயும் நேரத்துக்கு, அடுத்த கட்சிக்காரர் ஒன்பதாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி என்று பச்சை எழுத்தில் வந்தது.

ரூத் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ஆறு வாரத்து அழுகை, நின்றபாடில்லை. நான் அந்தோணியாரைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன். கஸ்பார் துண்டால் கண்ணைத் துடைத்தார். அதில் தலைவருக்கு எவ்வளவு, மகளுக்கு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

பிறகு அவர் ஸ்டூலைப் போட்டு ஏறி, பீரோ மேலிருந்து ஒரு சரத்தை எடுத்தார்.

"இன்னாய்யா பண்றே?"

"வெடி வெடிக்கப் போறேன்."

தெருவின் நடுவில் சரத்தை நீளமாகப் போட்டுப் பற்ற வைத்தார். எங்கள் சந்து சின்னது, சத்தம் சுவருக்குச் சுவர் மோதியது. எல்லா வீட்டிலிருந்தும் தலை நீண்டது. ஃபாத்திமா காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"அண்ணே, உங்காளு தோத்துட்டாராம். டிவில சொன்னாங்க."

"தெரியும்மா."

"அப்பறம் இன்னாத்துக்கு வெடி?"

"வெச்சிருந்தா நமுத்துப் பூடும்" என்றார் கஸ்பார்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்குக் கணக்கு புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது.

அந்தப் புகை இன்னும் கலையவில்லை. சந்து முனையில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஆறடியில் ஒரு பையன் இறங்கினான், பின்னாலேயே பருத்திப் புடவை கட்டிய ஓர் அம்மாள். அந்தப் பையன் யாரிடமும் வழி விசாரிக்கவில்லை. நேரே எங்கள் வாசலில் வந்து நின்றான். வாசற்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரூத் அவனைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

"பெஞ்சு" என்றாள் என் காதில்.

பெயர் பகலவன். ஜெயித்த கட்சியின் ஏஜெண்டு, அந்தத் தெருக்காரன். அன்றைக்கு ஓட்டு எண்ணுகிற இடத்திலும் அவனேதான் உட்கார்ந்திருந்தானாம். அவன் கண்ணெதிரில்தான் அந்தப் பெட்டியை ஒதுக்கி வைத்தார்கள். அவனைப் பேசவிடாமல் அவன் அம்மா முன்னால் வந்தாள்.

"ரூத்து டீச்சர் யாரும்மா?"

"நான்தான்மா."

சொக்கம்மாள் என்கிற அந்த அம்மாள் இடது கை விரலை நீட்டினாள். ஓட்டுப் போட்டபோது வைத்த மை, நகம் வளர்ந்து பாதிக்கு மேலே ஏறியிருந்தது.

"வெயில்ல நின்னு வச்ச மை. இன்னும் போகலை. ஆனா ஓட்டை எண்ணவே இல்லைன்னு இவன் வந்து சொல்றான். ஏங்கிட்ட இருந்து வாங்கி வச்சது நீதானே. அது எங்கம்மா போச்சு?"

கோபமாகக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்த பாத்திரத்தைக் கேட்கிற மாதிரி கேட்டாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. கஸ்பார் குறுக்கே போகப் பார்த்தார், நான் அவர் சட்டையைப் பிடித்தேன்.

"என் தப்புதான்மா" என்றாள் ரூத். "அழிக்க வேண்டியதை அழிக்காம சீல் வச்சுட்டேன். நான் ஒருத்தி பண்ண தப்புக்கு உங்க தெரு ஓட்டு மொத்தமும் நின்னுபோச்சு. வித்தியாசம் பெருசா வரட்டும்னு வேற இன்னிக்கு முழுக்க வேண்டிட்டு இருந்தேன். மன்னிச்சிருங்கம்மா."

ஒன்பதாயிரம் என்று டிவியில் வந்தபோதுதான் எனக்கு உயிர் வந்தது என்று நினைத்திருந்தேன். அது இல்லை. நடுத்தெருவில், யாருக்கும் ஒளியாமல், தலை நிமிர்ந்து அவள் அதைச் சொல்லி முடித்தபோதுதான் என் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. என் மகள் நல்லவள். அதை நான் சொல்லாமல் யார் சொல்வது?

சொக்கம்மாள் அவளையே பார்த்தாள்.

"சரி. மழுப்பாம சொன்னியே, அது போதும். அடுத்த தடவை பெஞ்சு விழுந்தாலும் சரி, கூரையே விழுந்தாலும் சரி, பட்டனை அமுக்கிட்டு ஓடு."

"அந்த பெஞ்சு ஏற்கெனவே ஆடிட்டுதான் இருந்துச்சும்மா" என்றான் பகலவன், முதல் தடவையாக வாயைத் திறந்து.

கஸ்பார் அந்த அம்மாளை உற்றுப் பார்த்தார். "ஏம்மா, மோர் குடுத்தது நீங்கதான?"

"ஆமா. நாலு டம்ளர் குடிச்சது நீங்கதானா?"

அதற்கு மேல் வாசலில் நிற்க வைத்துப் பேச முடியுமா? உள்ளே கூப்பிட்டேன். கஸ்பார் பையனுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அதுல குந்தாதப்பா" என்றேன். "ஒரு கால் வுட்டுகிச்சு."

ரூத் சிரித்தாள். ஏப்ரலுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அன்றைக்குத்தான் கேட்டேன். பகலவன் நாற்காலியைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுடைய வீடு அவனுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

சொக்கம்மாள் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தாள். புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ஓட்டு விஷயம் முடிஞ்சுது" என்றாள் கஸ்பாரைப் பார்த்து. "நான் முக்கியமா வந்தது இவங்க ரெண்டு பேர் விஷயமா. இப்பப் பேசலாமாண்ணே?"

ரூத் சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டாள். கஸ்பார் சொம்பை எடுத்து ஓரமாக வைத்தார். பையனின் சட்டைப் பையில் மடித்துச் செருகியிருந்த அடுத்த கட்சித் துண்டின் கரையைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, பீரோ மேல் மீதியிருந்த இன்னொரு சரத்தைப் பார்த்தார்.